அடித்தவன் டீ வாங்க வேண்டும்

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். அதற்கு மேல் படித்திருந்தால் இன்றைக்கு யாரோ ஒருவருக்கு கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். படிக்காததால் லாரி வாங்கினேன். ஒரு லாரி நாலாச்சு, நாலு லாரி எட்டாச்சு. என் லாரி ஏறாத ரோடு இந்தத் தீவில் இல்லை. ஆனால் இப்போது எழுதப்போவது லாரியைப் பற்றி அல்ல. கம்ப்யூட்டரில் ஆடுகிற சண்டை விளையாட்டு ஒன்றை நான் உண்டாக்கினேன், அதைப் பற்றி. சிரிக்க வேண்டாம். தட்டெழுதியது என் தங்கை புருஷன். அடி என்னுடையது.

அடி என்றால் எனக்குத் தெரியும். எழுபதுகளில் நான் வார நாளில் ஆற்றங்கரைக் கிடங்குகளில் மூட்டை தூக்கினேன். சனி, ஞாயிறு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தமிழ்ப் படம் ஓடுகிற ஒரு கொட்டகையில் ஜாகா வேலை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டிக்கெட் வரிசை கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். புதுப்படம் வந்தால் வரிசை நகைக்கடைகளைத் தாண்டிப் போகும். நடுவில் புகுகிறவன், பிளாக்கில் விற்கிறவன், அண்ணன் அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு பத்துப் பேரோடு வருகிறவன், எல்லாரையும் நேராக்க வேண்டும். வாயால் நேராகிறவன் குறைவு.

அந்தக் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சரபாத் கடை. தேநீரும் இஞ்சித் தண்ணியும் விற்கிற தள்ளுவண்டிதான், ஆனால் அதை நடத்திய முஸ்லிம் பெரியவர், காக்கா என்போம், அவர் வைத்ததே சட்டம். வரிசையில் சண்டை நடந்தால், முடிந்ததும் அடித்தவன் அடிபட்டவனுக்கு டீ வாங்கித் தர வேண்டும். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். டீ குடித்துவிட்டால் அவன் மறுநாள் கத்தியோடு வரக்கூடாது. இது சமாதானத்துக்கா, காக்காவின் வியாபாரத்துக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யாரும் மீறியதில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீ கொஞ்சமல்ல.

இனி மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். என் தங்கையைக் கட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் குழந்தை பிறந்தால் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொப்புள்கொடியை அறுப்பார்கள். இவரும் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். நல்ல மனுஷன். கொசுவை அடிக்கும்போதுகூட கொஞ்சம் யோசித்துத்தான் அடிப்பார்.

எண்பதுகளின் நடுவில் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தோ பாயோவில் அவர்களுக்கு மூன்றறை வீடு. வைக்க இடமில்லை. சாப்பாட்டு மேஜையில் ஏற்றினார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்து சோபாவில் சாப்பாடு. ஒருநாள் நான் போனபோது தங்கை ரசத்தை முழங்காலில் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இந்த மேஜை நம்ம அம்மா வீட்டுச் சீர். இதுல இவரு பூதத்தோட சண்டை போடுறாரு" என்றாள்.

மாப்பிள்ளை சொந்தமாக ஒரு கேம் எழுதிக்கொண்டிருந்தார். ரோச்சோர் பக்கம் ஒரு வணிக வளாகத்தில் கம்ப்யூட்டர் கடை முதலாளி, சீனத் தவுக்கே ஒருவர், கேம் நன்றாக இருந்தால் டிஸ்க்கில் போட்டு விற்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கொண்டுபோய்க் காட்டினார். தவுக்கே கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "மற்றதெல்லாம் மாதிரியே இருக்கு லா. வேற மாதிரி ஏதாவது செய்து கொண்டா. இரண்டு சனிக்கிழமை வாசல் மெஷின்ல போட்டுப் பார்க்கிறேன். ஆள் உட்கார்ந்தால் எடுத்துக்கிறேன்" என்றாராம்.

தங்கையும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "தவுக்கே எடுத்தா மெஷின் இருக்கட்டும். எடுக்கலன்னா அதை யாருக்காவது வித்துடணும். எனக்கு என் மேஜை வேணும்."

மாப்பிள்ளை தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்தேன். கிளார்க் வேலையில் அவருக்கு ஒருநாளும் வராத களை அந்தப் பச்சை எழுத்து முன்னால் உட்காரும்போதுதான் வரும். அது போய்விடும் என்று தெரிந்ததும் ஆள் உள்ளுக்குள் நொறுங்கிவிட்டார். அதை வெளியே சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"அத்தான்" என்றார் என்னைப் பார்த்து, "நீங்கள் அடிபட்ட ஆள்தானே. இதை ஒருக்காப் பாருங்கோ."

"அடிச்ச ஆள்" என்று திருத்திவிட்டு உட்கார்ந்தேன்.

படம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. எல்லாம் ஆங்கிலம். அவர் வாசித்துச் சொன்னார். ஒரு வீரன் குகைக்குள் போகிறான். முதலில் எலி வரும். அப்புறம் கொள்ளைக்காரன், அப்புறம் பூதம், கடைசியில் பூதராஜா. அடிக்க ஒரு பொத்தான், ஓட ஒரு பொத்தான். வீரனுக்கு உயிர் என்று ஒரு நம்பர். எதையாவது கொன்றால் மார்க். மார்க் சேர்ந்தால் பலம் ஏறும்.

"எலியைக் கொன்னா பலம் ஏறுமா?" என்று கேட்டேன்.

"ஓம் அத்தான். கொஞ்சம்."

"நிறைய எலி கொன்னா?"

"கொள்ளைக்காரனை அடிக்கிற பலம் வரும்."

"மாப்பிள்ளை, கிடங்குல நான் கொன்ன எலிக்கு இந்நேரம் யானையைத் தூக்கணும். எனக்கு வந்தது காய்ச்சல்தான்."

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த நம்பரு ஒண்ணுக்கு வந்துடுச்சே, இன்னும் ஒரு அடி விழுந்தா செத்துடுவான். இப்பவும் ஆள் முதல்ல அடிச்ச மாதிரியே துள்ளுறானே?"

"எல்லா கேமிலையும் அப்பிடித்தான். உயிர் முடியிற வரைக்கும் முழுப்பலம்."

"அப்ப எல்லா கேமையும் எழுதினவன் ஒரு அடிகூட வாங்காதவன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு அங்கே வகுப்பு. நான்தான் வாத்தியார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஒவ்வொரு சண்டையாக ஆடிக் காட்டுவேன். மூக்கில் குத்து விழுந்தால் கண்ணில் தண்ணீர் வரும், கண்ணீர் வந்தால் குறி தப்பும். முழங்காலில் உதை விழுந்தால் ஓட முடியாது. அடித்தவன் கையும் வீங்கும், அதை யாரும் சொல்வதில்லை. மாப்பிள்ளை சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கொள்ளைக்காரனாக நிற்பார்.

ஒருநாள் தங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். காதோரம் அறை விழுந்தால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளை கேட்டார். காது கொய்யென்று கத்தும், தரை சாயும் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். எவ்வளவு சாயும் என்றார். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றார். படித்தவனிடம் இதுதான் தொல்லை. சொன்னால் விளங்காது. ஒன்று கொடுத்தேன். பாதிக் கைதான். கண்ணாடி பறந்துபோய் மீன் தொட்டிக்குப் பின்னால் விழுந்தது. ஆள் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினால், அவர் சுவரைப் பிடித்து எழுந்து, மேஜைக்குப் போய், கண்ணாடி இல்லாமலே தட்ட ஆரம்பித்திருந்தார்.

"இப்ப விளங்குது அத்தான்" என்றார். "இடது பக்கம் சாயுது."

தங்கை வந்து கன்னத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்று எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

இப்படியாக உலகத்திலேயே நிஜமான சண்டை விளையாட்டு தயாரானது. முதலில் ஆடிப் பார்த்தது தங்கை. எலி கடித்தது. அடுத்த அறைக்குப் போகும்போது காய்ச்சல். அதற்கடுத்த அறையில் வீரன் படுத்தான், செத்தான். இன்னொரு தரம் ஆடினாள். இந்தத் தடவை எலியைக் கொன்றுவிட்டாள், ஆனால் கை வீங்கிவிட்டது. கொள்ளைக்காரன் வந்தபோது கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

"இதை யாரு காசு கொடுத்து வாங்குவா?" என்றாள். "உடம்பு வலி, காய்ச்சல், கை வீக்கம். இதெல்லாம் நம்ம வீட்டுல சும்மாவே கிடைக்குதே."

பெண்களுக்கு வீரம் விளங்காது என்று சொன்னேன். முதல் சனிக்கிழமை கடைக்குப் போனபோது ஆண்களுக்கும் விளங்கவில்லை. ஒருவன் உட்கார்ந்தான், காய்ச்சலில் செத்தான், எழுந்து போனான். அடுத்தவன் உட்கார்ந்தான், காது கொய்யென்று கத்தி சுவரில் முட்டிச் செத்தான். மத்தியானத்துக்கு மேல் அந்த நாற்காலியில் தவுக்கேயின் பூனைதான் படுத்திருந்தது.

தவுக்கே என்னிடம் மலாயில் சொன்னார். "உங்க கேம் ரொம்ப நிஜம் லா. நிஜம் வேணும்னா அவங்க வெளியிலேயே இருப்பாங்களே, என் கடைக்கு எதுக்கு வரணும்?"

மாப்பிள்ளை டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டு நடந்தார். மெஷினை எங்கே, யாரிடம் விற்கலாம் என்று யோசிக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. மனசு கேட்கவில்லை. வாங்க, ஒரு டீ குடிப்போம் என்று பழைய சரபாத் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் ஆற்றிக்கொண்டிருந்தான்.

பெஞ்சில் ஒரு டாக்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அண்ணே, என்னைத் தெரியுதா? கொட்டகை வாசல்ல ஒருநாள் என்னைத் தூக்கி அடிச்சீங்களே" என்றார், ஏதோ நான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்த மாதிரி. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, இவரு சாதாரண ஆள்னு நினைக்காதீங்க. ஒரே கையால என் சட்டையைப் பிடிச்சுத் தூக்கி டிக்கெட் ஜன்னலுக்கு மேல காட்டினாரு. என்கூட வந்தவனுங்க நாலு பேரு, ஒருத்தன் கிட்ட வரலையே. சுவர்ல போயி விழுந்தேன். சுண்ணாம்பு உதிர்ந்திச்சு."

அவர் போன பிறகு மாப்பிள்ளை கேட்டார். "அப்பிடியோ அத்தான்?"

பொய் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஆனால் அன்று மாப்பிள்ளை இருந்த நிலைக்கு உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு மழை. தரை வழுக்கல். நான் ஓங்கினேன், பட்டதும் படாததுமாக அவன் வழுக்கி விழுந்தான். உதடு வெடித்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

"பிறகு ஏன் இப்பிடிச் சொல்லுறார்?"

"அவன் இடத்துல இருந்து பாருங்க மாப்பிள்ளை. வீங்கின உதட்டோட வீட்டுக்குப் போறான். யாரு அடிச்சான்னு கேப்பாங்க. சும்மா ஒரு ஜாகா அடிச்சான்னு எவன் சொல்லுவான்? அடிச்சவன் மலை மாதிரி இருந்தான்னாதான் அடிபட்டவனுக்கு மரியாதை. அடுத்த வாரம் அவன் ஆளுங்க எல்லாம் வரிசையில பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி நின்னானுங்க. நான் ஸ்டூல்ல இருந்து எழுந்தாலே போதும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே விளங்கியது. நான் கொட்டகையில் இருந்த வருஷமெல்லாம் என் கை ஒரு அங்குலம்கூடப் பலக்கவில்லை. முட்டிதான் தேய்ந்தது. ஏறியது என் பேர். அதையும் ஏற்றிவிட்டது நான் அல்ல, என்னிடம் அடி வாங்கினவன்கள். ஊரெல்லாம் என் பேரைச் சுமந்தது அவன்கள் வாய். அதற்குக் கூலி ஒரு டீ.

"அப்ப கொன்றால் ஒண்டும் கிடைக்காது" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"செத்தவன் எப்படிப் போய்ச் சொல்லுவான்?"

அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் எழுதினார். அந்த வாரம் அவர் உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்கு எம்.சி. போட்டார். காய்ச்சல் இல்லாமல் எம்.சி. போட்டது அவர் பரம்பரையிலேயே முதல் தடவையாக இருக்கும்.

புதுச் சட்டம் இதுதான். காயம் வலிக்கும், அதில் மாற்றமில்லை. யாரையாவது கொன்றால் ஒன்றும் கிடைக்காது. அடித்துப்போட்டுவிட்டு டீ பொத்தானை அமுக்கினால், அடிபட்டவன் டீ குடித்துவிட்டு உனக்கு முன்னால் குகைக்குள் போவான். போய் உன்னைப் பற்றிச் சொல்வான், கொஞ்சம் கூட்டியே சொல்வான். கேட்டவன் இன்னும் கூட்டுவான். அடுத்து வருகிறவனுக்குக் கை நடுங்கும். எலிக்கு என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டார். எலி டீ குடிக்காது, எலியைக் கண்டால் ஓடு என்றேன். அப்படியே எழுதினார்.

நான் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னேன். பேர் மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஆட்டம் சப்பென்று போய்விடும். உண்மையிலும் அப்படி இல்லை. எப்போதாவது ஒருவன் வருவான், அன்றைக்குத்தான் கப்பலில் வந்து இறங்கினவன். உன் பேரைக் கேட்டே இருக்க மாட்டான். அவனிடம் உன் பேர் செல்லாது, கைதான் செல்லும். கையோ முதல் நாள் இருந்த அதே கை.

இரண்டாவது சனிக்கிழமை முதலில் உட்கார்ந்தது முடி ஒட்ட வெட்டிய ஒரு பையன், ராணுவ சேவையில் இருந்து லீவில் வந்தவன். எலியைக் கண்டு ஓடினான். கொள்ளைக்காரனை மூன்று தரம் தோற்று, நாலாவது தரம் வீழ்த்தினான். டீ பொத்தான் எதற்கு என்று தெரியாமல் அமுக்கினான். அடுத்த அறையில் பூதம் அவனைப் பார்த்ததும் எழுத்தில் ஏதோ சொன்னது. பையன் சிரித்துவிட்டான்.

"நான் கொள்ளைக்காரனை மரத்தைப் பிடுங்கி அடிச்சேனாம். நான் எங்க அப்படி அடிச்சேன்?"

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த பூதம், மரத்தை மலையாக்கியது. பையன் கிட்டத்தட்ட யாரையும் அடிக்காமலே பூதராஜா வாசல்வரை போய்விட்டான். அங்கே ஒரு சின்னத் திருடன், கையில் குச்சி. கப்பலில் வந்தவன். "நீ யாரப்பா" என்று கேட்டு இரண்டே அடியில் வீரனைப் படுக்க வைத்துவிட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. பையன் நாற்காலியை விடமாட்டேன் என்றான், இன்னொரு தரம் ஆட வேண்டுமாம். பின்னால் நின்றவர்கள் எங்கள் முறை என்றார்கள். வரிசை கடையை விட்டு வெளியே போய், பக்கத்துத் தையல்கடையை மறைத்தது.

வரிசையைப் பார்த்தால் என் உடம்பு சும்மா இருக்காது. அதுவும் ஒருவன் நடுவில் புகுந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், என் தோளுக்கு வருவான். இன்னொருவன் அவனைத் தள்ள, அவன் இவனைத் தள்ள, கூச்சல். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். எப்படி எழுவேன் என்றால், மெதுவாக, சட்டைக் கையை மடித்துக்கொண்டு. கொட்டகையில் இதைப் பார்த்தால் ஒரு தெருவே அடங்கும்.

இங்கே ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கடையில் எனக்கு ஏது பேர். நான் கிட்டப் போய் ஒல்லிப் பையன் தோளில் கை வைத்தேன். அவன் யாரென்று பார்க்காமலே முழங்கையை வீசினான். வாயில் விழுந்தது. காது கொய்யென்றது. இடது பக்கம் சாய்ந்து, அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்தேன்.

ஒல்லிப் பையன் என் வாயைப் பார்த்து வெளிறிப்போனான். மாப்பிள்ளை ஓடிவந்து என்னைத் தூக்கினார். அப்போது அந்த மொட்டைத்தலைப் பையன் நாற்காலியில் இருந்து திரும்பி, "அங்கிளை அடிச்சிட்டல்ல. டீ பொத்தானை அமுக்கு" என்றான்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு வரிசையே டீ, டீ என்று கேட்க ஆரம்பித்தது. ஒல்லிப் பையன் ஓடினான். திரும்பி வரும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிய சூடான டீ. இரண்டு கையாலும் நீட்டினான். இரண்டு பேரும் அந்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தோம். நான் உறிஞ்சினேன். உதடு எரிந்தது. அந்தக் காக்கா இருந்திருந்தால் வேறு கடைக்கு ஒரு டீக் காசு போச்சே என்று வருத்தப்பட்டிருப்பார்.

தவுக்கே பெட்டிகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடைசியாக என் உதட்டைப் பார்த்தார். "கியூவில அடிதடி வர்ற கேம் என் கடையில வேற இல்ல லா" என்று மாப்பிள்ளையிடம் கையை நீட்டினார். "டிஸ்க்கைக் கொடு."

மாப்பிள்ளை உடனே கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பிறகுதான் கொடுத்தார்.

தோ பாயோ வீட்டுக் கதவைத் தங்கை திறந்தாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "எடுத்துக்கிட்டாரா? அப்ப என் மேஜை போச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், சோபாவில் தட்டு வைக்க மூன்று பலகைகளைக் கொண்டுவந்து போட்டாள். அவற்றை எப்போதோ வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். பிறகுதான் என்னைச் சரியாகப் பார்த்தாள்.

"வாயி என்னண்ணே இப்படி வீங்கியிருக்கு? யாரு அடிச்சா?"

"அதை ஏன் கேக்கிற" என்றேன். "மலை மாதிரி ஒருத்தன்."

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார் தங்கையிடம். "நானும் பார்த்தனான். சரியான உயரம்."